மருந்துச் சீட்டு எழுதும் முன்

"ஆயா கடைசியா எப்பம்மா தனியா பஸ் ஏறிச் சேலம் போனாங்க?"

"வயசானவங்கள எங்கீங்க சார் தனியா அனுப்பறது?"

"காசு பணம் எண்ணிக் குடுக்கறாங்களா?"

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரர்தானுங்க பாத்துக்கறாரு."

"மாத்திரை?"

"நாந்தானுங்க எடுத்துக் குடுக்கறேன்."

அயோத்தியாப்பட்டணத்தில் மாலை நேரக் கிளினிக் ஒன்றில், மாமியாரை அழைத்து வந்த மருமகளுக்கும் டாக்டருக்கும் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் வாய்க்கு வந்ததைக் கேட்கவில்லை. பொது மருத்துவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் ஹென்றி பிராடட்டியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஜி.பி.காக் என்ற நினைவுச் சோதனையை ஒட்டிய கேள்விகள் இவை. அதில் நோயாளிக்கு 9 மதிப்பெண்ணில் ஒரு பகுதி. உடன் வந்தவருக்கு 6 கேள்விகள். அண்மையில் நடந்தது நினைவிருக்கிறதா, சில நாள் முன் பேசியது நினைவிருக்கிறதா, பேசும்போது சொல் தடுமாறுகிறதா, பணத்தைக் கையாள முடிகிறதா, மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறாரா, வெளியே போய்வரத் துணை வேண்டியிருக்கிறதா என்று அந்த ஆறும் போகும். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருமகள் சொன்ன பதில்களை வைத்து டாக்டரால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆயா தெளிந்த நினைவோடு இருக்க, வயதுக்குக் கொடுக்கும் மரியாதையாக வீட்டார் அவர் வேலைகளை வாங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு வருடமாக நினைவு நழுவிக்கொண்டே இருக்க, வெளியே தெரியாதபடி வீடே சேர்ந்து தாங்கிக்கொண்டும் இருக்கலாம். எது உண்மையாக இருந்தாலும் பதில் ஒன்றுபோலத்தான் வரும்.

இது கற்பனையாக எழுப்பிய சிக்கல் என்று நினைக்க வேண்டாம். வேலூரில் இதற்குக் கணக்கே உண்டு. டிமென்ஷியா என்கிற மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். அந்நோய் பற்றிய ஆய்வுகளிலோ 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. இந்தக் குறையைப் பெயரிலேயே சுமந்துகொண்டு 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும் அவர்களின் ஆய்வுக் களங்கள் ஆயின. 65 வயது தாண்டியவர்களில் களத்துக்குச் சுமார் 1,000 பேர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தபோது வேலூர்க் கிராமங்களில் மறதிநோய் உள்ளவர்கள் வெறும் 0.3 சதவீதம். அதே அளவுகோலில் கியூபாவில் 6.3 சதவீதம். நம் கிராமத்துப் பாட்டிமார் மூளையில் ஏதோ கவசம் இருக்கிறது என்று மகிழ்ந்துவிடலாம்போல இருக்கும். ஆனால் ஒவ்வொருவரின் நினைவையும் நேரில் சோதித்து, வீட்டாரின் பேச்சையும் வேறு விதமாக எடைபோட்ட 10/66 குழுவின் சொந்த முறையில் அதே மக்களிடம் எண்ணிக்கை பல மடங்காக உயர்ந்தது. புதிதாகக் கணக்கில் வந்தவர்கள் அன்றாட வாழ்வில் நிஜமாகவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முடிவுகள் 2008இல் லான்செட் இதழில் வந்தன.

எங்கே தவறியது? மறதி அன்றாட வேலையைக் கெடுத்தால்தான் அதை நோய் என்று டி.எஸ்.எம்.-4 ஏற்கும். அன்றாட வேலையே இல்லாதவருக்கு எது கெடும்? கேட்டால் வீட்டாரும் குறை சொல்வதில்லை. வயசாச்சு, அவ்வளவுதான்.

இதே நாட்டில் பின்னர் நடந்த லாசி-டாட் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம். அப்படிப்பட்ட பெண்களும் கிராமங்களும் அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றித் தாராளம். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் நகரத்தின் கிழக்கு வாசலாக இருக்கிறது இந்த ஊர். கோதண்டராமர் கோயில், விருத்தாசலம் ரயில் பாதையில் ஒரு நிலையம், தறிச் சத்தம், சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு, ஜவ்வரிசி ஆலை. மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பஸ் தூரத்தில்தான். ஆனால் மறதிக்காக யாரும் நேரே அங்கே போவதில்லை. சளிக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிற அதே உள்ளூர் டாக்டரிடம்தான் முதலில் வருவார்கள். அதுவும் மறதி என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "ராத்திரி தூங்க மாட்டேங்கறாங்க", "சாப்பிட்டுட்டே சாப்பாடு போடலன்னு பக்கத்து வீட்ல போய்ச் சொல்றாங்க", "பீரோ சாவிய நான் திருடிட்டேன்னு சொல்றாங்க சார்" என்று வருவார்கள்.

இந்த டாக்டர் கையில் என்ன இருக்கிறது? பிரிட்டனின் நைஸ் நிறுவனம் மறதிநோய்க்கு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அதே 2018இல் முதியோர் மறதிநோய்க்கு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் திருச்சூரில் பல காலம் இந்தத் துறையில் உழைத்த டாக்டர் கே.எஸ். ஷாஜி. சிறப்பு மருத்துவர் இல்லாத ஊர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் தயாரித்த எம்.எச்.-கேப் கையேடு 2010இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. சிறிய ஊர் டாக்டருக்கு என் ஓட்டு இந்தக் கையேட்டுக்குத்தான். ஸ்கேன் எந்திரமோ நரம்பியல் நிபுணரோ அடுத்த அறையில் இருப்பதாக அது நினைத்துக்கொள்வதில்லை.

இந்த வழிகாட்டுநெறிகள் எப்படி உருவாகின்றன என்பது தெரிந்தால்தான் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரியும். ஒரு குழு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, தரம் பிரித்து, இதைச் செய், இதைச் செய்யாதே, இதை நிலைமை பார்த்துச் செய் என்று பரிந்துரைக்கிறது. மருந்து ஆய்வுகளில் சேர்க்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் வேறு பெரிய வியாதி இல்லாதவர்கள். நம் ஆயாவுக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி, கண்புரை எல்லாம் உண்டு. நோய்க்கு ஓர் ஏடாக எடுத்து எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றினால் ஒரு நாளைக்குப் பதினைந்து மாத்திரை விழுங்க வேண்டிவரும். ஆகவே ஏட்டை அப்படியே ஒப்பிக்கிற டாக்டரும் ஏட்டைத் திறக்கவே மாட்டேன் என்கிற டாக்டரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தானவர்கள்.

இனி மருமகளின் பதிலுக்கு வருவோம். அந்தக் குடும்பத்தை இருபது வருடமாகப் பார்க்கிற டாக்டராக இருந்தால் கேள்வியை மாற்றுவார். "ஆயா தறிக்குத் தார் சுத்துவாங்களே, இப்பவும் சுத்தறாங்களா?" "இல்லீங்க சார்." "எப்பலருந்து நிறுத்துனாங்க?" "போன தைக்கு அப்பறமுங்க. நூல் அறுந்தா முடிச்சுப் போடத் தெரியாம அப்படியே கையில வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. அதான் நானே வாங்கிட்டேன்." இந்த ஒரு பதிலில் நோயின் பாதிக் கதை வந்துவிட்டது. செய்ய முடியுமா என்று கேட்டால் வராத விவரம், எப்போதிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், எதனால் என்று கேட்டால் வருகிறது. ரேஷன் கடை, சீட்டுப் பணம், பண்டிகைக்குச் சுடும் முறுக்கில் உப்பு, பேரன் பேத்திகளின் பெயர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கேள்வி வேறு வேறு உருவம் எடுக்கும். எந்த வழிகாட்டுநெறியும் தார் சுற்றுவதைப் பற்றி எழுதப்போவதில்லை. உடன் இருப்பவரிடம் விசாரி, முன்பு இருந்த நிலையோடு இப்போதைய நிலையை ஒப்பிடு என்று மட்டும் அது சொல்லும். அதை அந்த வீட்டின் கேள்வியாக மாற்றுவது குடும்ப டாக்டரின் வேலை.

மாற்றத்தின் வேகம் அடுத்து வருகிறது. ஆறு மாதத்துக்கு மேலாக மெல்ல மெல்ல வந்த மறதியா, நாலு நாளில் திடீரென்று வந்த குழப்பமா? வழிகாட்டுநெறிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. முந்தாநாள் வரை நன்றாக இருந்தவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால் அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சிறுநீர் அடைப்பு, உடலில் நீர் வற்றுதல், ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததால் சர்க்கரை இறங்கிப்போவது என்று காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கும் முதியவருக்குச் சோடியம் இறங்குவது அரிதான சங்கதியே இல்லை. இதை 'வயசான கோளாறு' என்று வீட்டுக்கு அனுப்பினால் உயிர் போகலாம். கண்டுபிடித்தால் பலர் சில நாளில் பழைய நிலைக்குத் திரும்புவார்கள்.

மெல்ல வந்த மறதியிலும் திருத்தக்கூடிய காரணங்கள் உண்டு. அதனால்தான் ரத்தச் சோதனைப் பட்டியல். தைராய்டு குறைந்தால் யோசனை மந்தமாகும். வைட்டமின் பி12 குறைந்தால் நினைவும் நடையும் தடுமாறும். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைவு வர வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. வீட்டுக்காரர் இறந்த பிறகு எதிலும் நாட்டமின்றி முடங்கிப்போன பாட்டிக்கு மனச்சோர்வே மறதியாகத் தெரியலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து, காயம் ஏதும் இல்லை என்று விட்டுவிட்ட பெரியவருக்கு, சில வாரம் கழித்து மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசிந்த ரத்தம் அழுத்தத் தொடங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். இங்கே ஸ்கேன் அவசியம். காதில் அடைத்த குறும்பி, முற்றிய கண்புரை இரண்டையும் மறக்கக் கூடாது. காதில் விழாத கேள்விக்கு யார்தான் சரியாகப் பதில் சொல்வார்கள்? திருத்தக்கூடிய காரணம் அகப்படுகிறவர்கள் சிறுபான்மையினர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேடாமல் விட்டால் அந்தச் சிறுபான்மைக்கு அநியாயம்.

என்னைக் கேட்டால், இந்தப் பரிசோதனைகளில் எல்லாம் விலை குறைந்ததும் பலன் மிகுந்ததும் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். மூளையில் நினைவுக்கு வேண்டிய ஒரு வேதிப்பொருள் அசிடைல்கோலின். மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயில் இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. நாம் சாதாரணமாக நினைத்து விழுங்கும் பல மாத்திரைகள் இதே பொருளின் வேலையைத் தடுக்கின்றன. மருந்துக் கடையில் சளிக்குக் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிசின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கு எழுதும் ஆக்சிபியூட்டினின், மனநல மருந்துகளோடு சேர்த்துத் தரும் டிரைஹெக்சிபெனிடில் எல்லாம் இந்த வகை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அறியாமல், மூன்று டாக்டர் சீட்டும் ஒரு கடைக்காரர் யோசனையுமாக இவை ஒரே வயிற்றில் சேரும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு வழியில் அதே குழப்பத்தை உண்டாக்கி, கீழேயும் தள்ளிவிடும். இவற்றைக் குறைக்க முடியுமா என்று முதலில் பார் என்கிறது நெறி. பல வருடம் போட்ட தூக்க மாத்திரையை மட்டும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான்.

நினைவுச் சோதனையில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. உலகெங்கும் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனையை அமெரிக்காவில் மார்ஷல் போல்ஸ்டீனும் அவரோடு இருந்தவர்களும் 1975இல் வெளியிட்டார்கள். 100இலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை என்றெல்லாம் அது கேட்கும். பள்ளிக்கூடமே போகாத எழுபது வயதுப் பெண் இதில் தோற்பார். காரணம் மறதி ஆகாது. டெல்லியை அடுத்த பல்லப்கட்டில் எழுத்தறியாத கிராமத்து முதியோருக்காக மேரி கங்குலி குழுவினர் 1990களில் இதை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டும் அட்டைக்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய் என்று சொல்லிக் கண்ணை மூடிக்காட்டினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பல மொழிகளுக்கு ஒரு சோதனைத் தொகுப்பைத் தயாரித்தது; ஆனால் முதலில் சரிபார்த்து வெளியான இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற ஐந்தில் தமிழ் இல்லை.

டாக்டரே சொந்தமாகக் கேள்வி அமைத்துக்கொண்டால் என்ன? இங்கிலீஷ் தேதி தெரியாத பாட்டிக்கு ஆடி மாதமா ஆவணியா, அமாவாசை போய் எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரிந்திருக்கும். அதைக் கேட்பதே நியாயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சோதனை என்பது கேள்விகள் மட்டும் அன்று. நலமாக இருப்பவர்கள் இந்த வயதில், இந்தப் படிப்பில் எத்தனை எடுப்பார்கள் என்ற ஒப்பீடும் சேர்ந்ததுதான். கேள்வியை மாற்றியதும் அந்த ஒப்பீடு போய்விடும். அப்போது கிடைப்பதைச் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணாக எழுதக் கூடாது. சந்தேகம் வலுத்தால் மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அல்லது சேலத்துக்குச் சீட்டு எழுத வேண்டும். திரும்பப் பார்ப்பது குடும்ப டாக்டருக்கு எளிது. ஆயா எப்படியும் சர்க்கரை மாத்திரைக்கு வரப்போகிறவர்தான்.

இதற்கெல்லாம் நேரம்? 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான், சுமார் இரண்டு நிமிடம். எனவே ஒரே வருகையில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காத டாக்டரே கெட்டிக்காரர். ஒரு நாள் விசாரணை, ஒரு நாள் ரத்தச் சோதனை, ஒரு நாள் மாத்திரைப் பை என்று மூன்று வருகையில் பிரித்துக்கொண்டால் இரண்டிரண்டு நிமிடமாகச் சேர்ந்து பெரிய நேரமாகிவிடும்.

நோய் உறுதியானதும் வீட்டார் முதலில் கேட்பது மருந்து. டோனெபசில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அல்சைமர் வகை மறதியில் இது செய்வது சிறிய உதவி: 70 புள்ளி அளவுகோலில் சராசரியாக 3 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். நோயின் போக்கை நிறுத்தாது. குமட்டல், பேதி வரலாம். நாடித்துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம் என்பதால் நாடி பார்த்து, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுத்த பிறகே தொடங்க வேண்டும். நிபுணரின் துணை இருந்தால் மட்டும் யோசி என்கிறது எம்.எச்.-கேப். அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் போன்ற புதிய ஊசிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுப்பது அது. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், பலனும் மிதமானதுதான். ஊர்க் கிளினிக்கின் கவலைப் பட்டியலில் இப்போதைக்கு அதற்கு இடமில்லை.

உண்மையான சோதனை இரவில் வருகிறது. ஆயா பன்னிரண்டு மணிக்கு எழுந்து, 'எங்க வீட்டுக்குப் போகணும்' என்று கதவைத் தட்டுகிறார். தடுத்தால் அடிக்கிறார். வீட்டில் யாரும் தூங்கி ஒரு மாதம் ஆகிறது. "ஏதாவது மாத்திரை குடுங்க சார், தூங்கட்டும்" என்று மகன் கேட்பது கொடுமையால் அன்று, களைப்பால். அப்போது கை தானாக மனநோய் மருந்துகள் பக்கம் போகும். பிரிட்டனில் அப்படித்தான் போனது. அரசு கேட்டுக்கொண்டபடி பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் கொடுத்த அறிக்கை அந்நாட்டில் ஆண்டுக்கு 1,80,000 மறதிநோயாளிகளுக்கு இந்த மருந்துகள் கொடுக்கப்படுவதாகவும், அவர்களில் 36,000 பேருக்கே ஏதேனும் பலன் கிடைப்பதாகவும், ஆண்டுக்குச் சுமார் 1,800 பேர் இதனால் கூடுதலாக இறப்பதாகவும் கணக்கிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே, மறதிநோய் உள்ள முதியோரிடம் இம்மருந்துகள் இறப்பை ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்காக உயர்த்துகின்றன என்று மருந்து அட்டையிலேயே கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போடவைத்தது. பானர்ஜி அறிக்கைக்குப் பிறகு பிரிட்டனில் சில ஆண்டுகளிலேயே இவற்றின் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. டாக்டர்கள் திடீரென்று நல்லவர்கள் ஆகிவிடவில்லை. செய்வது இன்னது, அதன் விலை இன்னது என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள்.

வழிகாட்டுநெறியின் மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான் என்பேன். மாத்திரை எழுதும் முன் காரணம் தேடச் சொல்கிறது. வலி இருக்கிறதா? முட்டியோ பல்லோ வலிப்பதைச் சொல்லத் தெரியாமல் கத்துகிறாரா? மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று? சிறுநீரில் எரிச்சலா? பகலெல்லாம் தூங்கவிட்டீர்களா? கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? திருடி என்று சொன்னபோது வாதாடினீர்களா, கூடச் சேர்ந்து சாவியைத் தேடினீர்களா? இவ்வளவும் பார்த்தும் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும் மிகக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, நாள் குறித்துத் திரும்பப் பார்த்துக் கொடுக்கலாம். டயாசெபாம் வேண்டாம் என்றும் எம்.எச்.-கேப் தனியாக எச்சரிக்கிறது.

ஏட்டைக் கையில் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. மத்திய ஸ்காட்லாந்திலும் லண்டனிலும் 36 பொது மருத்துவ நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கம்ப்யூட்டரில் நெறியை நினைவூட்டும் மென்பொருள் கொடுத்த இடங்களிலும், டாக்டர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்த இடங்களிலும் நோயைக் கண்டுபிடிப்பது கூடியது. ஆனால் கண்டுபிடித்த பிறகு நெறிப்படி கவனிப்பது எதனாலும் மேம்படவில்லை. அடுத்து பிரிட்டனில் காசும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் புதிதாகக் கண்டறியும் ஒவ்வொரு மறதிநோயாளிக்கும் டாக்டருக்கு 55 பவுண்டு. தலைக்கு இவ்வளவு என்று வியாதியை வாங்குவதா என்று கண்டனம் எழுந்து, அடுத்த வருடமே அது முடிவுக்கு வந்தது. கண்டறிந்த பின் யார் கவனிப்பது என்பதுதான் எங்கும் அடைபடாத ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்க நம் பக்கத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோவாவில் மறதிநோயாளி உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2008இல் வெளியானது. டாக்டர் அல்லாத, உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்குப் போய், நோய் என்ன என்று விளக்கி, நடத்தைச் சிக்கல்களைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. திருச்சூரில் டாக்டர் ஷாஜி குழுவினர் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்து, சந்தேகப்படுகிறவர்களைக் காட்டச் சொன்னார்கள். காட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு மறதிநோய் உறுதியானது.

தமிழ்நாட்டில் இப்படி வீட்டுக்குப் போகிற ஆள் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். தேசிய அளவில் ஆஷா பணியாளர்களுக்குக் கொடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கென்று ஒரு கேள்வியும் உண்டு: நெருங்கியவர்களின் பெயரையோ சொந்த வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா? நல்ல தொடக்கம்தான். ஆனால் வீட்டாரின் பெயரே மறந்துபோகும்போது நோய் பாதி தூரம் வந்திருக்கும். மறந்தவரையே மறந்தீர்களா என்று கேட்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தன்னார்வலர் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, 'அவங்க செஞ்ச வேலை எதையாவது இந்த ஒரு வருஷத்துல நீங்க வாங்கிட்டீங்களா? ஏன்?' என்று கேட்டால் பலர் முன்னதாகவே தெரிந்துவிடுவார்கள். மாதாமாதம் அவர் எடுக்கும் ரத்த அழுத்தக் கணக்குக்கும் இதில் பங்கு உண்டு. காது கேளாமை, நடுவயதில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, திருத்தாத பார்வைக் குறை உட்பட 14 காரணங்களை முழுக்க ஒழித்தால் மறதிநோயில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. ஒட்டுமொத்த மக்கள்தொகைக்கான கணக்கு அது. தனி ஒருவருக்குக் கொடுத்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாமா என்பதில் எனக்கும் தடுமாற்றம் உண்டு. தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று அவரிடமே கேள் என்கின்றன நெறிகள். நம் வீடுகளிலோ மகன் டாக்டருக்குக் கண் காட்டுவார். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒருவருக்கு நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, தன்னை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் எல்லாவற்றையும் தானே சொல்லிவைக்க இன்னும் ஓரிரு வருடம் இருக்கிறது. மறைப்பதால் அந்த அவகாசம் பறிபோகிறது. கேட்டுவிட்டுச் சொல்வதே சரி என்றுதான் கடைசியில் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவரை இதற்காக அழைத்துப்போவதாக இருந்தால், லீவு போட்டு வந்த மகன் மட்டும் போகாமல், பகல் முழுக்க அவரோடு இருப்பவரும் கூடப் போங்கள். சூரணம், லேகியம், கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாற்றத்தை எந்தப் பண்டிகை சமயத்தில் கவனித்தீர்கள், எந்த வேலையை எப்போது வாங்கிக்கொண்டீர்கள், கடைசியாக எப்போது விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான நேரம் எது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். தூக்க மாத்திரை எழுதினால், எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று தயங்காமல் கேளுங்கள். பார்த்துக்கொள்கிறவரின் மனம் ஓய்ந்துபோனால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.